கண்ணுக்குத் தெரியாத எட்டு சென்டிமீட்டர்

1985 ஜூன் மாதம். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். நான் தலையைச் சாய்த்தேன். சாய்க்கக் கூடாது என்று தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். விரல் நுனிக்கும் காதுக்கும் இடையில் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. "அடுத்த வருஷம் கூட்டி வாருங்கள் அம்மா" என்றார். அம்மா என் பிறந்த தேதியைச் சொல்லி, ஐந்து வயது முடிந்து ஐந்து மாதமும் ஆகிவிட்டது என்று வாதாடினார். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் எங்கள் வீட்டில் பழமொழிபோலப் புழங்குகிறது: "கை சொல்லவில்லையே."

என் வயதை ஒட்டியவர்கள் பலருக்கும் இந்தச் சோதனை நினைவிருக்கும். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதுக்குப் பக்கத்தில் அந்த விகிதம் மாறிவிடும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் உடம்பையே சான்றிதழாக வைத்துக்கொண்டார்கள். கை எட்டிய பிள்ளைகளில் பலருக்கு ஜூன் மாதத்தில் ஒரு பிறந்தநாளும் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்! தேதி இருந்தும் கை எட்டாத நான் ஓராண்டு வீட்டில் இருந்தேன். சரியாக வளராத பிள்ளையாக இருந்தால் 'இன்னும் வயது வரவில்லை' என்று தீர்ப்பாகிவிடும். வயது வந்தும் உடம்பு வரவில்லையோ என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

அம்மாகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவர் வேலையே ஊர்க் குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பதுதான்.

1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. எங்கள் மதுரை மாவட்டம் முதலில் வந்தவற்றுள் ஒன்று. அம்மா 1982-இல் அதில் ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தார். மையத்தின் உத்தரத்தில் ஒரு சால்டர் தராசு தொங்கும். வட்ட முகம், ஒற்றை முள், கீழே கொக்கி. துணியில் தைத்த கால்சட்டை போன்ற ஒன்றில் குழந்தையை நுழைத்துக் கொக்கியில் மாட்டினால், மாட்டிய நொடியில் அது வீறிடத் தொடங்கும். முள் துடிக்கும். அது நிற்கிற அந்த அரை நொடியில் அம்மா எண்ணைப் பிடித்துவிடுவார். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் மாதம் ஒருமுறை இந்த ஊஞ்சல். எடையை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு ஏறாமல் படுத்துக்கொண்ட குழந்தைக்கும், ஏற்கெனவே மிக மெலிந்த குழந்தைக்கும் மட்டும் 90 நாள் சத்துருண்டை. தேறியதும் உருண்டை நிறுத்தப்படும். என் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்ததாம். அதனால் எனக்கு உருண்டை இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தின்னும்போது வந்த வறுத்த மாவு வாசனையை இப்போதும் மன்னிக்க முடியவில்லை.

அந்தத் திட்டத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் ஒரே கரண்டி என்று அள்ளி ஊற்றாமல், யார் தடுமாறுகிறார்கள் என்று மாதாமாதம் பார்த்து ஊட்டுவது அந்தக் காலத்தில் பெரிய யோசனை. ஆனால் அந்த மையத்தில் உயரம் அளக்க ஒரு கோலும் கிடையாது. அம்மா பிறகு அங்கன்வாடிக்கு மாறினார். எடையை வைத்து 'கிரேடு' ஒன்று முதல் நான்கு வரை பிரிக்கிற முறை வந்தது. 2008 வாக்கில் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வளர்ச்சி அட்டை வந்தது. அப்போதும் அங்கன்வாடிச் சுவரில் தொங்கியது தராசுதான். ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியான் 2018 மார்ச்சில் தொடங்கிய பிறகு, அம்மா ஓய்வுபெறப் போகும் கடைசி ஆண்டில், உயரம் அளக்கும் கம்பமும் படுக்கவைத்து அளக்கும் பலகையும் பெட்டியில் வந்து இறங்கின. முப்பத்தேழு ஆண்டுகள் நிறுத்தவர், அளக்கக் கற்றுக்கொண்ட கையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சும்மா இருக்க முடியவில்லை. ஊர் ஆசாரியிடம் சொல்லி, மாமரப் பலகையில் ஒரு அளவுப்பலகை செய்து வாங்கினார். கீழே நிற்க ஒரு கட்டை, நடுவில் பதித்த எஃகு டேப், மேலே வழுக்கி இறங்கும் தலைக்கட்டை. செங்கோணம் பிசகுகிறது என்று ஆசாரியை மூன்று முறை திருப்பி அனுப்பினார். இந்தப் பலகையில்தான் போன ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு வந்த என் சித்தி மகளின் குழந்தை ஏறி நின்றது.

பாப்பா என்றே சொல்லிக்கொள்கிறேன். கொழுகொழுவென்று இல்லை, நோஞ்சானும் இல்லை. ஓடுகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், நாய்க்குட்டியை வாலைப் பிடித்து இழுக்கிறாள். பார்த்தவர்கள் எல்லோரும் அளவாக, அழகாக இருக்கிறாள் என்றார்கள். அளவாக என்ற சொல்லைத்தான் நான் பிறகு நிறைய நேரம் யோசித்தேன். மெலிந்த குழந்தையைக் கண் உடனே பிடித்துவிடும். விலா தெரியும், பிட்டத்துத் தோல் தளர்ந்து தொங்கும். உயரம் குன்றிய குழந்தையைக் கண் பிடிக்காது. கை, கால், முகம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே குறைந்திருக்கும். பார்க்கிறவருக்கு அது சின்ன வயதுக் குழந்தை, அவ்வளவுதான்.

ஊட்டக்குறைவில் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் வாட்டர்லோ 1972-இல் எழுதினார். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாவிட்டால் அது உடல்மெலிவு, அண்மையில் நடந்த இழப்பு. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாவிட்டால் அது வளர்ச்சிக்குன்றல், நெடுநாள் நடந்த இழப்பு. வயதுக்கு எவ்வளவு எடை என்று மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோகும். அம்மா இதைத் தன் பாணியில் சொல்வார்: எடை கைச்செலவுக் கணக்கு, உயரம் ஐந்தொகை. வயிற்றுப்போக்கில் இரண்டே நாளில் இறங்குகிற எடை பத்து நாளில் ஏறிவிடும். உயரம் இறங்காது, வளராமல் நின்றுவிடும். நின்ற நாட்கள் எல்லாம் சேர்ந்து பிறகு ஒரு எண்ணாகத் தெரியும்.

முதலில் நான்தான் அளந்தேன். பாப்பாவைச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் பார்த்தேன். 84.5 சென்டிமீட்டர். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்த ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டார். அந்த மாதிரி வாங்கி வைப்பது, சின்ன வயதில் நான் அரிவாள்மனையைத் தொட்டபோது நடந்ததற்குப் பிறகு அன்றுதான்.

பாப்பாவின் உச்சந்தலையில் தென்னைமரக் குடுமி. அதை அவிழ்த்தார். கொலுசைக் கழற்றினார். சித்தி மகளைக் கீழே முட்டிபோட வைத்து, குழந்தையின் இரண்டு முழங்கால்களையும் கணுக்கால்களையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் கீழே, ஒருவர் மேலே. உயரம் அளக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அவர் சட்டம். குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்மண்டை இவை பலகையைத் தொட வேண்டும். பிறகு முகம். கண்குழியின் கீழ்விளிம்பும் காதுத்துளையின் மேல்விளிம்பும் ஒரே கிடைமட்டத்தில் வரும்படி தாடையைப் பிடித்துச் சரிசெய்தார். 19ஆம் நூற்றாண்டில் பிராங்க்பர்ட்டில் கூடிய மானுடவியலாளர்கள் மண்டையோடுகளை ஒப்பிடுவதற்காக ஒத்துக்கொண்ட கோடு இது. மதுரைப் பக்கத்துக் கிராமத்தில், வாயில் முறுக்கோடு நிற்கிற குழந்தைக்கும் அதுவே பொருந்துகிறது. மேலே அண்ணாந்தாலும் கீழே குனிந்தாலும் அளவு மாறும். தலைக்கட்டையை முடி அமுங்கும் வரை இறக்கி, தன் கண்ணை டேப்பின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படித்தார். 82.6. குழந்தையை இறக்கி, ஒரு சுற்று ஓடவிட்டு, மறுபடியும் ஏற்றினார். 82.4. இரண்டும் 0.7 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். வேறுபடவில்லை. 82.5 என்று எழுதினார்.

என்னுடைய 84.5-க்கும் அவருடைய 82.5-க்கும் நடுவே போன இரண்டு சென்டிமீட்டர் குடுமியிலும், எழும்பிய குதிகாலிலும், சாய்ந்த ஸ்கேலிலும் இருந்தது. இரண்டரை வயதில் ஒரு குழந்தை மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டர்தான் வளர்கிறது. ஆகவே என் ஒரு அளவில் இரண்டு மாதத்துக்கும் மேலான பொய் வளர்ச்சி.

இரண்டு வயதுக்குக் கீழே இன்னும் கடினம். நிற்கவைக்கக் கூடாது, படுக்கவைத்து நீளம் எடுக்க வேண்டும். தலையை ஒருவர் மேல்பலகையோடு அணைத்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்திக் கால்பலகையைப் பாதத்தில் முட்டவைத்துப் படிக்க வேண்டும், அதுவும் குழந்தை உதைப்பதற்குள். படுத்த நீளம் நின்ற உயரத்தைவிட ஏறத்தாழ 0.7 சென்டிமீட்டர் கூடுதல். படுக்க மறுக்கிற ஒன்றரை வயதுக்காரனை நிறுத்தி அளந்தால் 0.7 கூட்டவும், நிற்க மறுக்கிற மூன்று வயதுக்காரியைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 கழிக்கவும் வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை மறந்தால் இரண்டாவது பிறந்தநாளில் குழந்தை திடீரென்று சுருங்கிவிடும். பெரியவர்களுக்குச் சாயங்காலத்தில் உண்மையாகவே கொஞ்சம் சுருங்குகிற வழக்கம் உண்டு. முதுகெலும்பு வட்டுகள் நாள் முழுக்க அமுங்கி, இரவில் படுத்ததும் மீள்கின்றன. குழந்தைகளுக்கும் சிறிதளவு உண்டு. அதனால் மறுபடி அளப்பதானால் அதே வேளையில் அளக்க வேண்டும் என்பார் அம்மா.

சரி, 82.5. இது அதிகமா, குறைவா? இந்த எண் தனியாக ஒன்றுமே சொல்லாது. பக்கத்தில் வயது வேண்டும். சித்தி மகள், இரண்டு வயது முடிந்து கொஞ்சம் ஆகிறது என்றாள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அம்மா விடவில்லை. போனில் இருந்த பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். முப்பது மாதமும் இரண்டு நாளும். உலக சுகாதார நிறுவன அட்டையில் முப்பது மாதப் பெண் குழந்தைக்கு நடுவளவு 90.7 சென்டிமீட்டர். வளர்ச்சிக்குன்றல் என்று கருதும் கோடு 83.6, திட்டவிலக்கம் என்கிற, உயரங்களின் பரவலை அளக்கும் கணக்கில் நடுவளவுக்கு இரண்டு படி கீழே. மூன்று படி கீழே, 80.1-க்கும் தாழ்ந்தால் கடுமையான குன்றல். பாப்பா கோட்டுக்கு 1.1 கீழே, நடுவளவுக்கு 8.2 கீழே. அவளுடையது ஏறத்தாழ இருபது மாதக் குழந்தையின் உயரம். பத்து மாதத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்திருக்கிறாள், அதை யாரும் பார்க்கவில்லை.

இருபத்தெட்டு மாதம் என்று தோராயமாகச் சொல்லியிருந்தால் கோடு 82.2 ஆகியிருக்கும், அவள் 'இயல்பு' பட்டியலில் போயிருப்பாள். என் ஸ்கேல் அளவை நம்பியிருந்தாலும் அப்படியே. இரண்டு மாத மறதியோ ஒரு குடுமியோ போதும். தலைமையாசிரியர் தேதியைத் தள்ளிவைத்து உடம்பைப் பார்த்தார். இங்கே தேதி இல்லாமல் உடம்பைப் பார்த்துப் பயனில்லை. கணக்கெடுப்பாளர்கள், பிறந்த தேதி தெரியாத இடங்களில், பொங்கலுக்கு முன்பா பின்பா, அந்தப் புயலுக்கு முன்பா பின்பா என்று உள்ளூர் நிகழ்வுகளை வரிசையாகக் கேட்டு மாதத்தைப் பிடிப்பார்கள். அம்மாவும் பழைய நாளில் அப்படித்தான் பிடித்தார்.

எடையையும் பார்த்தோம். 10.4 கிலோ. வயதுக்கு ஏற்ற எடையின் கீழ்க்கோடு 10.0. அதற்கு மேலே இருக்கிறாள். உயரத்துக்கு ஏற்ற எடை? குறையே இல்லை. மேல்கையின் சுற்றளவை அளக்கும் பட்டையைச் சுற்றினாலும் பச்சைதான் காட்டும். அந்தப் பட்டையில் 115 மில்லிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 125 வரை மஞ்சள்; எந்தக் குழந்தை உயிருக்கு ஆபத்தான மெலிவில் இருக்கிறது என்று நொடியில் சொல்லும் அருமையான கருவி, ஆனால் உயரத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. அங்கன்வாடிகளில் இப்போது 'சாம் குழந்தை', 'மாம் குழந்தை' என்று பேசிக்கொள்வது கடுமையான, மிதமான மெலிவைத்தான். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதிசெய்' திட்டத்தின் முதல் பார்வையும் இவர்கள் மேல்தான். நியாயம்தான், முதலில் உயிர். ஆனால் பாப்பா போன்றவர்கள் எல்லாப் பட்டியலிலும் பச்சையில் உட்கார்ந்துகொண்டு நழுவிவிடுகிறார்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் மெலிந்தவர்கள் 14.6 சதவீதம், உயரம் குன்றியவர்கள் 25 சதவீதம். நான்கில் ஒன்று! இந்தியா முழுவதற்கும் 35.5.

நான் எண்களை உரக்கப் படித்ததுதான் தாமதம், சித்தி மகளின் மாமியார் உள்ளே வந்தார். அவர்கள் வீட்டில் எல்லோரும் குட்டைதான், பாப்பாவின் தாத்தாவும் அப்படித்தான் என்றார். படுத்திருந்த குழந்தையைச் சின்ன மகன் தாண்டிவிட்டான், திரும்பத் தாண்டச் சொல்லியும் கேட்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். தாண்டியதை விட்டுவிடலாம். முதலில் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. அதே வாதத்தைப் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா 2013-இல் ஒரு நீண்ட கட்டுரையாகவே எழுதினார்: ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றைவிட இந்தியாவில் குழந்தை இறப்பு குறைவாக இருக்கும்போது குன்றல் மட்டும் எப்படிக் கூடுதலாகும், அளவுகோல்தான் நமக்குப் பொருந்தவில்லை என்று.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தது: பிரேசிலின் பெலோட்டஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், நம் தெற்கு டெல்லி. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்த, வீட்டில் வசதியும் சுகாதாரமும் உள்ள குழந்தைகள். பழைய அட்டைகள் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று பதிவுசெய்தன. இது, தடை ஏதும் இல்லாவிட்டால் எப்படி வளர்வார்கள் என்று கேட்டது. நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள பங்கு சுமார் 3 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி ஒரே ஊரில் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடு. தெற்கு டெல்லிக் குழந்தை ஆஸ்லோக் குழந்தையோடு ஏறத்தாழ ஒட்டியே போயிற்று. 2006-இல் வெளிவந்த அட்டை அதிலிருந்து செய்யப்பட்டது.

அதனால் 'நம் இனமே குட்டை' என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் பாப்பாவின் பாட்டி பேசியது இனத்தைப் பற்றி அல்ல, தன் குடும்பத்தைப் பற்றி. குட்டையான தாய்க்குக் கருப்பையிலேயே கொஞ்சம் நெருக்கடி. பிள்ளை எடை குறைந்து பிறக்கும். ஒரு தலைமுறை இழந்தது ஒரே தலைமுறையில் திரும்புவதில்லை. அந்தத் தாத்தாவும் எந்த ஆண்டில் பிறந்தார், என்ன சாப்பிட்டார் என்று யார் கண்டது? ஜெயசந்திரன், பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட கட்டுரை எனக்குப் பிடித்தமானது. இந்தியாவில் முதல் பிள்ளை, அதிலும் முதல் ஆண் பிள்ளை, ஆப்பிரிக்கப் பிள்ளையைவிடக் குட்டையாக இல்லை. அடுத்தடுத்துப் பிறப்பவர்கள்தான் பின்தங்குகிறார்கள். மரபணு பிறந்த வரிசை பார்த்தா வேலை செய்யும்? பாப்பா இரண்டாவது குழந்தை, பெண். இதை அன்று அந்த அறையில் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய அறை இல்லை அது.

இன்னொரு பக்கமும் உண்டு. கோட்டுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு குழந்தையும் நோயாளி இல்லை. அந்தக் கோடு போடப்பட்ட விதத்திலேயே, எந்தக் குறையும் இல்லாத கூட்டத்திலும் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் அதற்குக் கீழே விழுவார்கள். 25 சதவீதம் விழுந்தால் அந்த ஊரில் ஏதோ கோளாறு என்று உறுதியாகச் சொல்லலாம். ஒற்றைக் குழந்தையிடம் அந்த உறுதி கிடையாது. அடுத்தடுத்த அளவுகள் வேண்டும். அதையும் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பயனில்லை. மிஷெல் லாம்பிள் என்ற மானுடவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1992-இல் காட்டியபடி, கைக்குழந்தைகள் நாள்தோறும் சீராக வளர்வதில்லை. பல நாள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் தாவுகிறார்கள்.

அம்மா குழந்தையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். குற்றவாளியை விசாரிக்கிற குரலில் இல்லை, சமையல் குறிப்பு கேட்கிற குரலில். பிறந்த எடை 2.3 கிலோ. ஆறு மாதம் முடிந்தபின் என்ன கொடுத்தாய்? ரசஞ்சோறு, பாலில் தொட்ட பிஸ்கட். பருப்பு செரிக்காது என்று மாமியார் சொன்னாராம். முட்டை இரண்டு வயதுக்கு மேல்தான். ஒன்பதாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நான்கு முறை வயிற்றுப்போக்கு. ஒவ்வொரு முறையும் நான்கு நாள் அரிசிக் கஞ்சித் தண்ணீர் மட்டும். பிறந்த குழந்தை முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர் வளர வேண்டும், இரண்டாம் ஆண்டில் 12. கருவில் 270 நாள், வெளியே 730 நாள், ஆக ஆயிரம் நாள் என்று சொல்வது இந்த ஓட்டத்தை வைத்துத்தான். மெல்லிய சோறும் அடிக்கடி வரும் பேதியும் சேர்ந்தால் உடம்பு உயிரைப் பார்த்துக்கொண்டு எலும்பை நிறுத்திவைக்கிறது. சித்தி மகள் அழத் தொடங்கினாள். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்ன குழந்தைக்கு ஒரு டேப் குறை கண்டுபிடித்துவிட்டதே என்ற அழுகை. டேப்பைக் கொண்டுவந்தவன் நான் என்பதால் எனக்கும் தொண்டை அடைத்தது.

இனி என்ன செய்வது? இதற்கு மாத்திரை இல்லை. வயிறு முட்ட ஊட்டினால் குழந்தை பக்கவாட்டில்தான் வளரும், அது இன்னொரு வினை. தினம் ஒரு முட்டை, கெட்டியான பருப்புச் சோறு, கீரை, வேர்க்கடலை, அங்கன்வாடிச் சத்துமாவை வீட்டுப் பெரியவர்கள் கஞ்சியாகக் குடித்துவிடாமல் குழந்தைக்கே கொடுப்பது, பேதியானால் உப்புச்சர்க்கரைக் கரைசலோடு சாப்பாட்டையும் நிறுத்தாமல் கொடுப்பது, ரத்தசோகைக்கு ஒரு பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடவும் சொன்னார். ஊட்டத்தை மீறிய காரணங்களும் உண்டு, தைராய்டு, இதயக் கோளாறு போல. இழந்த பத்து மாதமும் திரும்பிவிடும் என்று அம்மா வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

நடுவில் ஒரு நாள் அம்மாவோடு வேறோர் ஊர் மையத்துக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பதிவேட்டைப் புரட்டிய அம்மா, என்னிடம் உயர வரிசையைக் காட்டினார். 85, 82.5, 90, 87.5, 85, 80. எண்கள் எல்லாம் ஐந்திலும் பூஜ்ஜியத்திலும் முடிந்தன. குழந்தைகள் அப்படி வளர்வதில்லை. பணியாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உதவியாளர் பணியிடம் காலி. ஒற்றை ஆளாக முப்பது குழந்தைகளுக்குச் சமைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, செயலியில் வருகை ஏற்றி, நடுவே ஒரு கையால் முழங்காலையும் ஒரு கையால் தலைக்கட்டையையும் பிடிக்க வேண்டும். உயரம் அளக்க இரண்டு பேர் வேண்டும் என்ற அம்மாவின் சட்டம் அங்கே செல்லுபடியாகாது. சிவப்பில் எத்தனை பேர் என்று மேலிருந்து கேட்கும்போது, குறைந்திருக்கிறது என்று சொல்லத்தான் எவரும் விரும்புவார்கள். கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருக்கிற குழந்தையை மேலே தூக்க உணவும் வேண்டாம், பேனா போதும்.

ஆறு மாதம் கழித்து பாப்பா மறுபடி வந்தாள். அதே பலகை, அதே காலை வேளை. முப்பத்தாறு மாதம். 87.2, 87.0. ஆக 87.1. கோடு இப்போது 87.4, மூன்று மில்லிமீட்டர் கீழே. ஆறு மாதத்தில் 4.6 சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். நடுவளவுக் குழந்தை இதே காலத்தில் 4.4 வளரும். நான் குதிக்காத குறை. அம்மா காகிதத்தில் கழித்துக் காட்டினார்: நடுவளவு 95.1, பாப்பா அதற்கு 8.0 கீழே. ஆறு மாதத்துக்கு முன் 8.2. மீட்டது இரண்டு மில்லிமீட்டர். கோட்டை அவள் இவ்வளவு நெருங்கியதற்குக் காரணம், வயது ஏற ஏற உயரங்களின் பரவல் அகன்று, கீழ்க்கோடு நடுவளவிலிருந்து இன்னும் தள்ளிப் போவதுதான். இன்னும் ஆறு மாதத்தில் அவள் கோட்டைத் தாண்டிவிடுவாள், பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், எட்டு சென்டிமீட்டர் அப்படியே இருக்கலாம். அம்மா அதை வருத்தமாகச் சொல்லவில்லை. இழப்பு மேலும் கூடவில்லை, அதுவே இந்த ஆறு மாதத்தின் சம்பாத்தியம் என்றார்.

பாப்பா இறங்கி நாய்க்குட்டியைத் தேடி ஓடினாள். சித்தி மகள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த குழந்தைக்கு நான்காவது மாதம் நடக்கிறது என்று அன்று காலைதான் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். 145 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் தாய்மார்களை மருத்துவர்கள் தனியாகக் கவனிப்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறாள் போல. "பெரியம்மா, என்னையும் பாருங்கள்" என்றாள். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, குதிகாலைப் பலகையில் ஒட்டி நின்றாள். ஆசாரியின் பலகை நாற்பத்தெட்டு அங்குலம்தான். அம்மா பள்ளிக்கூடத்துக் கம்பத்தை இரவல் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். வந்ததும் முகத்தைச் சரிசெய்தார், தலைக்கட்டையை இறக்கினார், கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். எண்ணைச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்.